அரிசி டிரம்மில் ஒரு கார் சாவி



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ சமையல் குறிப்பு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது என் மானம் போன கதை.

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, சாவி ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேண்ட் பாக்கெட்டில் கிடந்த அந்த ரிமோட் சாவியையும் சேர்த்துச் சித்தி சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். உடனே எனக்குப் போன். "டேய், நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற, என்னடா பண்றது?" அப்போது இரண்டாம் வருஷம் இ.சி.இ. படித்துக்கொண்டிருந்த நான் சொன்ன பதில்: "அரிசிக்குள்ள போட்டு வைங்க சித்தப்பா, மூணு நாள்ல சரியாயிடும்."

ஆனதா? மூன்று நாள் கழித்துத் திறந்தால், பேட்டரி முனையைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி பச்சை அரிப்பு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. புதுச் சாவிதான் போடணும், அதை வண்டியோடு புரோகிராம் பண்ணணும் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். மாசத் தவணைக்கு வைத்திருந்த பணம் போச்சு, பத்து நாள் சவாரியும் போச்சு. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

சாவியைக் கொன்றது தண்ணீர் இல்லை நண்பர்களே, உள்ளேயே கிடந்த 3 வோல்ட் பேட்டரி! முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் மின்னாற்பகுப்பு என்று உருப்போட்டோமே, அதேதான். சோப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து எதிர்மின் பக்கம் நகரும். மூன்று நாள் அந்தச் சாவி அரிசிக்குள் காயவில்லை, முலாம் பூசிக்கொண்டிருந்தது! அரிசி ஐ.சி.க்கு அடியில் நிற்கும் ஈரத்தை உறிஞ்சாது, தூசியைத்தான் உள்ளே விடும். நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் எழுதி வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. விளிம்பில் உள்ள காடியில் நாணயத்தை வைத்துத் திருகித் திறங்கள். முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. (அந்தப் பட்டன் பேட்டரி குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.) பிறகு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் போர்டை அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விடுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும். அப்புறம் புது சி.ஆர். 2032 போடலாம். உங்கள் சாவியில் வேறு நம்பர் இருந்தால் அதைப் போடுங்கள்.

திறக்கும்போது ஒன்று ஜாக்கிரதை. சில சாவிகளில் பொடிக் கண்ணாடிக் குழல் மாதிரி ஒரு சிப் தனியாக இருக்கும். அதற்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயிலிலிருந்து சக்தி எடுத்துக்கொள்ளும். ரிமோட் செத்தாலும் அது இருந்தால் வண்டி ஓடும், அது தொலைந்தால் ஓடாது! சித்தப்பா சாவியில் அந்தச் சிப்பும் போர்டோடு சேர்ந்தே இருந்தது. அதனால்தான் எல்லாமே போச்சு.

ஷோரூம்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருட்டைத் தடுக்கத்தான் புதுச் சாவிக்கு அத்தனை கெடுபிடி, அது நியாயம். என் கோபம் நம் மேல்தான். லேபில் மல்டிமீட்டரைப் பிடிக்கிறோம், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோம். வீட்டில் ஒரு பொருள் நனைந்தால் மட்டும் பக்கத்து வீட்டு ஆயா சொல்கிற வைத்தியத்தையே சொல்கிறோம். திறந்து பார்க்கப் பயம். பிறகெதற்கு டிப்ளமோ?

பேரவைக்கு ஒரு கோரிக்கை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் எலக்ட்ரானிக்ஸ் லேபைத் திறந்து வைக்க முதல்வரிடம் அனுமதி கேளுங்கள். ஊர்க்காரர்களின் நனைந்த சாவி, செத்த ரிமோட் எல்லாம் வரட்டும். கெட்டுப்போனால் என்ன பண்ணுவது என்று சிலர் கேட்பார்கள். ஏற்கெனவே செத்த சாவிதானே, பழகக் கிடைத்ததே என்று பாருங்களேன்! முதல் சனிக்கிழமை நான் வருகிறேன். சித்தப்பாவின் பழைய போர்டு இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன்.