மதகு கிழக்கே, கலிங்கு மேற்கே

கோட்டை கட்டுவது சுலபம். அதற்குள் தண்ணீர் கொண்டுவருவதுதான் கஷ்டம். 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு கற்றுத்தரும் பாடம் இது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் வெளியிட்டது. மலையைக் குடைந்து குடியேறும் குள்ளர் கூட்டத்துக்கு ஆற்றிலிருந்து சுரங்கம் வெட்டித் தர வேண்டும். மதகை முதலில் பொருத்திவிட்டு, ஆற்றோரத்துக் கடைசிப் பாறையை இறுதியில்தான் உடைக்க வேண்டும். வரிசை மாறினால் கோட்டையே மூழ்கும். மிஞ்சிய தண்ணீரை வரைபடத்தின் விளிம்புக்கு வெட்டிவிட்டால் போதும், மறைந்துவிடும்.

இதே வித்தையை நிஜத்தில் பார்க்க குமுளிக்குப் போகலாம். அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, பென்னிகுவிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை அணை கட்டினார்கள். தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து சுமார் 5,700 அடிக்குச் சுரங்கம் போட்டார்கள். தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்று அது நான்கு ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கி, வைகையோடு சேர்கிறது.

விளையாட்டைப் போலவே இங்கும் எல்லாம் மட்டத்தின் கணக்கு. அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சுரங்கத்துக்குள் ஏறாது. தமிழகத்துக்கு அதில் ஒரு சொட்டுகூட இல்லை. முழு மட்டமான 152 அடியில் பாசனத்துக்குப் பயன்படுவது மேலே உள்ள 48 அடிதான். பாதுகாப்பு அச்சத்தால் 1979இல் மட்டத்தை 136 ஆகக் குறைத்தபோது அந்த 48இல் 16 அடி போயிற்று. அதாவது, மூன்றில் ஒரு பங்கு உயரம். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. ஆறு அடிக்கு இத்தனை வழக்கா என்று கேட்பவர்கள் தேனி, மதுரை விவசாயிகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் ஏரிகளில் மதகும் உண்டு, கலிங்கும் உண்டு. மதகு வேண்டிய தண்ணீரைத் தரும். கலிங்கு வேண்டாததை வெளியேற்றும். பெரியாற்றில் மதகு தமிழகத்தைப் பார்க்கிறது, கலிங்கு கேரளத்தைப் பார்க்கிறது. கேரள மண்ணில் நிற்கும் அணையை இயக்குவதோ தமிழகம். 2021 டிசம்பரில் இரவு நேரத்தில் ஷட்டர்கள் திறக்கப்பட்டபோது வண்டிப்பெரியாறு பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முன்கூட்டியே சொல்லுங்கள், பகலில் திறங்கள் என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் தமிழக முதல்வர் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார்.

உபரி நீருக்குக் கீழே வசிப்பவர்களின் அச்சத்தைப் பிராந்திய வெறி என்று ஒதுக்குவது எளிது. சுரங்கத்து நீரை நம்பி நாற்று விடுபவர்களின் கவலையைப் பேராசை என்று பழிப்பதும் அப்படியே. 142 என்ற எண்ணை நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது. எத்தனை மணிக்குத் திறப்பது, யாருக்கு எப்போது சொல்வது என்பதை இரண்டு மாநில அதிகாரிகளே பேசி முடிக்கலாம். பெரியாற்றங்கரையில் வரைபடத்துக்கு விளிம்பு கிடையாது. மிஞ்சிய தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது.