செயலியை மாற்றினால் போதும்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றதால், அடுத்த பதிப்புக்குத் தகுதியற்ற நுண்செயலி ஒன்றன் பொருட்டு, நன்றாக இயங்கும் மேசைக் கணினியையே குப்பையில் எறிவது அநியாயம்.

2017-இல் வந்த ஏஎம்4 தாய்ப்பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, முதல் தலைமுறை ரைசன் செயலியைக் கழற்றி, ஊசிகள் வளையாதபடி ரைசன் 5000 வரிசைச் செயலியை அமர்த்தி, வெப்பப் பசையைப் புதிதாகத் தடவி விசிறியை மாட்டினால், பழைய கணினியே புதுப்பதிப்பை ஏற்கிறது. இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலியோ, ஏழாம் தலைமுறையைப் போலவே 1151 தொடுமுனைகள் கொண்டிருந்தும், ஏழாம் தலைமுறைக்கான பலகையில் இயங்குவதில்லை. பள்ளிகளுக்குக் கணினி வாங்கும் அரசாங்கம், செயலியை மட்டும் மாற்ற இடந்தரும் பலகைகளையே நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.