ஒரு கையெழுத்தில் மறைந்த நாடு

ஒரு நாட்டை ஒரே உத்தரவில் இல்லாமல் செய்துவிட முடியுமா? முடியும் என்று 1932-ம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று பர்க்கினா பாசோ என்று வழங்கும் நாட்டின் கதை இது.

அந்தப் பூமியில் மோசி இனத்தாரின் ராஜ்யங்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தன. தலைநகர் வாகடூகுவை 1896-ல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1919-ல் 'அப்பர் வோல்ட்டா' என்ற தனிக் காலனி ஏற்பட்டது. வோல்ட்டா நதியின் மேற்பகுதி என்பதே அதன் பொருள். அங்கு வாழ்ந்த ஜனங்களைக் குறிக்க அந்தப் பெயரில் ஒரு சொல்கூட இல்லை.

பதின்மூன்று வருஷங்களே சென்றன. உலகமெங்கும் பொருளாதார மந்தம். சிக்கனம் வேண்டும் என்றார்கள். ஐவரி கோஸ்டின் காப்பி, கோகோ தோட்டங்களுக்கும், நைஜர் நதிப் பாசனத் திட்டத்துக்கும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1932 செப்டம்பரில் காலனியைக் கலைத்து, ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு சூடான், நைஜர் ஆகிய மூன்று அண்டைக் காலனிகளுக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். வாகடூகு ஐவரி கோஸ்டுடன் சேர்ந்தது. பங்கு போனது நிலம் மட்டுமல்ல, உழைக்கும் கைகளும்தான். கட்டாய வேலை முறை 1946-ல்தான் ஒழிந்தது.

மோசி மன்னரும் தலைவர்களும் விடாமல் வற்புறுத்தினார்கள். ஐவரி கோஸ்டில் வளர்ந்து வந்த அரசியல் இயக்கத்தின் பலத்தைக் குறைக்கப் பிரான்சும் விரும்பியது. 1947-ல் பழைய காலனி, 1932-ம் ஆண்டின் எல்லைகளோடு மறுபடியும் உயிர் பெற்றது. 1960 ஆகஸ்டு 5-ந் தேதி சுதந்திரம் வந்தது.

1984-ல் தாமஸ் சங்காராவின் ஆட்சி அன்னியர் இட்ட பெயரை மாற்றியது. 'பர்க்கினா' என்பது மோசி மக்களின் மூரே மொழிச் சொல், நேர்மையைக் குறிப்பது. 'பாசோ' என்பது ஜூலா மொழிச் சொல், தந்தையின் இல்லம். நாட்டு மக்களைக் குறிக்கும் 'பர்க்கினாபே' என்ற சொல்லின் கடைசி எழுத்து புலானி மொழியிலிருந்து வந்தது. எந்த ஓர் இனமும் நாடு தனக்கே சொந்தம் என்று சொல்ல இடமில்லாத பெயர் இது.

பெயரை மாற்றினார்கள், கோட்டை மாற்றவில்லை. மாலியுடன் 1985 டிசம்பரில் எல்லைச் சண்டை மூண்டது. மறு வருஷம் சர்வதேச நீதிமன்றம் தகராறுக்குரிய பகுதியை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்துத் தீர்ப்பளித்தது. சுதந்திர தினத்தன்று எந்த எல்லையோ அதுவே எல்லை என்பது அதன் அடிப்படை. இந்தக் கொள்கை சரியானதே என்பது நமது அபிப்பிராயம். ஒரு கோட்டை அழித்தால் நூறு யுத்தங்கள் தொடங்கும்.

ஆனால் கோட்டைக் காப்பது ஒன்று. மனிதரைக் காப்பது வேறொன்று. 1932-க்குப் பிறகு வாகடூகுவிலிருந்து தெற்கே தோட்ட வேலைக்குப் போனவன் அன்னிய நாட்டுக்குப் போகவில்லை. ஒரே காலனிக்குள்தான் இடம் பெயர்ந்தான். கோடு திரும்பி வந்ததும், அவன் சந்ததியார் அங்கே அன்னியர் ஆனார்கள். ஐவரி கோஸ்டில் 1998-ம் வருஷத்துச் சட்டம், கிராம நிலத்துக்கு அந்நாட்டுப் பிரஜைகளே உரிமையாளராகலாம் என்றது. காட்டைத் திருத்திக் கோகோ வளர்த்த குடும்பங்கள் தவித்தன. யார் சுதேசி, யார் பரதேசி என்ற சண்டை, 2002-ல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு ஒரு காரணமாயிற்று.

2025 ஜனவரியில் பர்க்கினா பாசோ, மாலி, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பை விட்டு வெளியேறின. ஐவரி கோஸ்ட் உள்ளேயே இருக்கிறது. தங்கு தடையின்றிப் போய்வரும் உரிமை அந்தக் கூட்டமைப்பு தந்தது. அது இனி ஆட்சியாளரின் தயவைப் பொறுத்ததாகிவிடக் கூடாது.

எல்லை இருக்கட்டும். ஆனால் எல்லையை இழுத்தவன் செய்த காரியத்துக்கு உழைத்தவன் பேரன் அபராதம் கட்டலாமா? நேர்மையின் பெயரைத் தாங்கிய நாடும், அதன் அண்டை நாடுகளும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.