கேட்டதைச் சொல்ல வையுங்கள்: செபி தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி (இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம்) தலைவர் அவர்களுக்கு,

கள்ளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் மாவட்டம் இது. பங்குச் சந்தை நிலவரம் பார்ப்பவர்கள் இங்கே குறைவு. ஆனாலும் உங்கள் வாரியத்தின் படிவம் ஒன்று எங்கள் வயலுக்கும் வேண்டியதாக இருக்கிறது.

இங்கே திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மனு கொடுத்தால் கணினியில் பதிந்து, எண் போட்ட ரசீது தருவார்கள். கல்வராயன்மலையில் மலையாளி பழங்குடிக் குடும்பம் ஒன்று 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரினால், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் தன் அனுபவத்தில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கிராம சபை கூடி, ஊரறியத் தீர்மானம் போட வேண்டும். எளியவர் கேட்பதெல்லாம் ஏட்டில் ஏறுகிறது. பெரிய நிறுவனங்கள் டெல்லியில் கேட்பதும் அப்படி ஏற வேண்டாமா?

எத்தனால் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2018 உயிரி எரிபொருள் கொள்கை வைத்த கெடு 2030. 2022 திருத்தம் அதை 2025-26க்கு முன்தள்ளியது. 2023 டிசம்பர் 7 அன்று, கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தது. எட்டே நாளில், சாறும் பி-ஹெவி மொலாசஸும் (சர்க்கரை இன்னும் மிஞ்சியிருக்கும் கழிவுப்பாகு) சேர்த்து 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு வரை போகலாம் என்று தளர்த்தியது. தளர்த்தியது சரியாகவே இருக்கலாம். ஆலையின் பணம் முடங்கினால் கரும்புப் பணம் நிலுவையில் நிற்கும், அடி எங்களுக்குத்தான். ஆனால் அந்த எட்டு நாளில் யார் யாரைப் பார்த்தார்கள், என்ன கணக்கைக் காட்டினார்கள் என்று கரும்பு போட்டவர் எங்கே போய்ப் படிப்பது?

தண்ணீரும் இதில் இருக்கிறது. கரும்பு வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எங்கள் பக்கம் அந்தத் தண்ணீர் கல்வராயன்மலை ஓடைகளில் இறங்கிக் கோமுகி அணைக்கு வருவது. எத்தனாலுக்காக வாதாடியவர்கள் அதையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

இதற்கான விடை, தொடக்கத்தில் நான் சொன்ன உங்கள் படிவத்தில் வர வேண்டியது. சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு, நிலைத்தன்மை குறித்த பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை தர வேண்டும் என்று விதித்தது செபி. நல்ல காரியம். அதன் ஏழாவது கோட்பாடு, அரசின் கொள்கையில் செல்வாக்கு செலுத்தும் நிறுவனம் அதைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்கிறது. எந்தெந்த முக்கியத் தொழில்துறைச் சங்கங்களில் உறுப்பினர் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். எந்தக் கொள்கைக்காக, எந்த வழியில் வாதாடினார்கள் என்பதையோ விரும்பினால் எழுதலாம். கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே கேட்டுவிட்டு, பதிலை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள்.

அதைக் கட்டாயமாக்குங்கள். சங்கத்தின் பெயரில் கேட்டதும் அதில் வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சங்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். எந்த அமைச்சகம், எந்தத் தேதி, கொடுத்த மனுவின் நகல், இவ்வளவு போதும். கொள்கைக்காக வாதாடுபவர்கள் அதைப் பதிந்து வெளியிட அமெரிக்காவில் 1995-லேயே சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் அப்படி வாதாடுபவர்களுக்கான பதிவேடு வைத்திருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலையும், பங்குச் சந்தைக்கு வராத தனியார் ஆலைகளும் உங்கள் வரம்புக்குள் வராது என்பது தெரியும். அவற்றுக்கு நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். ஆனால் பட்டியலிட்ட நிறுவனங்கள் உங்கள் வரம்புக்குள்தான். சிமென்ட், அலுமினியம், காகித ஆலைகளுக்கு 2025-இல் பசுங்குடில் வாயு உமிழ்வு இலக்குகள் வந்துவிட்டன. அந்த இலக்குகளைத் தளர்த்தச் சொல்லி எந்தப் பட்டியலிட்ட நிறுவனமாவது கேட்டிருந்தால், என்ன கேட்டது என்பது அதன் அடுத்த ஆண்டறிக்கையிலேயே அச்சாக வேண்டும். அதற்கு உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி கரும்பு விவசாயி ஒருவர்