3,000 ஆண்டுக்கு முன் தமிழன் என்ன சாப்பிட்டான்?
பானையும் எலும்பும் சொல்லும் சாட்சி

சென்னை கோபாலபுரத்தில் மதிய வேளை. வீட்டுக்கு வீடு சாம்பார் மணக்கிறது. இலையில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம், மோர்.

"இது நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சாப்பாடு" என்று பெருமையாகச் சொல்லுகிறோம்.

ஆனால், 600 ஆண்டுக்கு முன் இந்த இலையில் மிளகாய் கிடையாது! தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கும் கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1498-ம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அதன் பிறகு, ஐரோப்பியக் கப்பல்கள் மூலம் இவை ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன.

அப்படியானால், அதற்கு முன்பு தமிழன் என்ன சாப்பிட்டான்?

"நம் முன்னோர் மரக்கறிதான் உண்டார்கள்" என்கிறார் ஒருவர். "இல்லை, மாமிசம்தான்" என்கிறார் மற்றொருவர். இந்தச் சண்டை திண்ணையிலும் நடக்கிறது, மேடையிலும் நடக்கிறது. சத்தம் போடுவதால் உண்மை தெரியாது. சாட்சியைக் கேட்கவேண்டும்.

சாட்சிகள் மண்ணுக்குள் இருக்கின்றன. பானை, எலும்பு, பல், உமி ஆகியவையே அந்தச் சாட்சிகள். அவற்றைப் பேசவைக்கும் வித்தையை விஞ்ஞானிகள் கற்றிருக்கிறார்கள்.

தாழிக்குள் நெல்!

தூத்துக்குடி மாவட்டத்தில் சிவகளை என்று ஓர் ஊர். அங்கே இறந்தவர்களைப் புதைத்த பழைய தாழிகள் கிடைத்தன. ஒரு தாழிக்குள் நெல் இருந்தது. நெல்லோடு கூடிய அந்த மண்ணை அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிட்டிக் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. அதன் காலம் கி.மு. 1155! ஏறக்குறைய 3,200 ஆண்டு! 2021-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் இதைச் சட்டசபையில் அறிவித்தார்.

இதற்கு முன்பே பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் நெல் கிடைத்திருந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அங்கு தோண்டினார்கள். ஒரு ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல்! அதன் காலம் கி.மு. 490 என்று தெரிந்தது.

நெல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உயிருள்ள ஒவ்வொன்றிலும் கரிப்பொருள் உண்டு. அதில் ஒரு வகைக்குக் 'கார்பன்-14' என்று பெயர். செடியோ மிருகமோ செத்த நாள் முதல் அது குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

அவசரப்படக்கூடாது

தாழிக்குள் நெல் இருந்தது. ஆகவே, எல்லோரும் தினமும் சோறு சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. தாழி, இறந்தவருக்கு உரியது. அவருக்கு வைத்த படையல் அது. படையலில் வைப்பது வேறு. அன்றாடம் உண்பது வேறு. நம் கிராமங்களிலேயே, சென்ற நூற்றாண்டு வரையில், பல வீடுகளில் நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தானே? மற்ற நாளெல்லாம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தானே?

ஆதிச்சநல்லூரில் 100 ஆண்டுக்கு முன்பு அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டினார். அங்கிருந்த பானைகளில் நெல் உமியும் இருந்தது. சிறுதானிய உமியும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததே நம் பழைய சாப்பாடு.

கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் கிடைத்த சாட்சி இன்னும் பழையது. சுமார் 4,000 ஆண்டுக்கு முன்பு அங்கிருந்தவர்கள் சிறுதானியம், கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றைச் சாப்பிட்டார்கள். தெற்கே நெல் பரவியது அதற்குப் பிறகுதான்.

எலும்பில் கத்தி வெட்டு

சிவகங்கை மாவட்டம் கீழடியில் எலும்புத் துண்டுகள் பல கிடைத்தன. அவற்றில் 70 மாதிரிகளைப் புனாவில் உள்ள டெக்கான் கல்லூரி நிபுணர்கள் சோதித்தார்கள். மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு, மான், காட்டுப்பன்றி, மயில் என்று இனம் கண்டார்கள். பாதிக்கு மேல் மனிதன் வளர்த்த கால்நடைகள்.

எலும்பு கிடைத்த மிருகத்தை எல்லாம் தின்றார்களா? அப்படியும் சொல்லக்கூடாது. மாடு ஏர் உழும், வண்டி இழுக்கும், பால் கொடுக்கும். எலும்பில் கத்தி வெட்டுத் தழும்பு இருந்தால்தான், இறைச்சிக்காக அறுத்தது என்று அர்த்தம். ஆடு, மான், காட்டுப்பன்றி எலும்புகளில் அந்தத் தழும்பு இருந்தது. 2019-ம் ஆண்டில் தமிழக தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கை இதைச் சொல்லுகிறது.

பானை குடித்த எண்ணெய்

மண்பானையில் சமைக்கும் தாய்மார்களுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் குழம்பு வாசனை முழுதும் போகாது. கொழுப்பைப் பானை குடித்துவிடுகிறது. பல ஆயிரம் ஆண்டு கழித்தும் அது உள்ளே இருக்கும்! ஓடு ஒன்றைப் பொடி செய்து சோதித்தால், பாலின் கொழுப்பா, இறைச்சியின் கொழுப்பா என்று சொல்லிவிடலாம்.

குஜராத்தில் கோட்டடா பட்லி என்ற சிந்துவெளிக் காலத்து ஊர். அங்கே கிடைத்த ஓடுகளைச் சோதித்து, சுமார் 4,500 ஆண்டுக்கு முன்பே மக்கள் பாலைப் பக்குவம் செய்து உண்டார்கள் என்று 2020-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

அரியானாவில் பர்மானா என்ற ஊரில் இன்னோர் அதிசயம். அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் என்ற ஆராய்ச்சியாளர்கள் பானை ஓட்டையும் மனிதப் பல்லையும் சோதித்தார்கள். மஞ்சள், இஞ்சி ஆகியவற்றின் நுண்ணிய மாவுத் துகள்கள் தென்பட்டன. மிளகாய் வருமுன்பே நம் நாட்டில் மசாலா இருந்திருக்கிறது!

எலும்பே ஒரு கணக்குப் புத்தகம். கம்பு, கேழ்வரகு தின்றவர் எலும்பில் ஒரு வகைக் கரிப்பொருள் கூடுதலாகப் பதியும். அரிசி தின்றவருக்கு அந்தக் கணக்கு மாறும். மீன், இறைச்சி நிறையத் தின்றதையும் கண்டுகொள்ளலாம். ஆனால், நம் ஊர் வெயிலிலும் மண்ணிலும் எலும்பின் சத்து சீக்கிரம் அழிந்துவிடும். பல நேரங்களில் கெட்டியான பல்லே கைகொடுக்கிறது.

சண்டை எதற்கு?

சாட்சிகள் சொல்லுவது என்ன? நெல்லும் உண்டு, சிறுதானியமும் உண்டு. பாலும் உண்டு, இறைச்சியும் உண்டு. வயலுக்கு ஏற்றபடி, கையில் உள்ள வசதிக்கு ஏற்றபடி, மனிதர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். "இது ஒன்றே தமிழன் சாப்பாடு" என்று எந்தக் கட்சிக்கும் மண் தீர்ப்பு எழுதித் தரவில்லை.

கழுவாதீர்கள்!

இந்தச் சாட்சிகளுக்கு இப்பொழுது ஆபத்து. கிணறு வெட்டும்போதும், அஸ்திவாரம் தோண்டும்போதும், மண் அள்ளும்போதும் தாழிகள் உடைகின்றன. சிலர் பானையை எடுத்து, மண்ணைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி அலமாரியில் வைக்கிறார்கள். பானை பிழைத்தது, சாட்சி போயிற்று!

நாம் வீசி எறியும் மண்ணை ஆராய்ச்சியாளர் வாளித் தண்ணீரில் கரைப்பார். கரிந்த விதைகள் மேலே மிதக்கும். ஒரு தானியத்தின் 3,000 ஆண்டுக் கதை அதில் இருக்கலாம்.

ஆகவே, உங்கள் ஊரில் தாழியோ பழைய பானையோ தென்பட்டால், தொடாதீர்கள், கழுவாதீர்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே விட்டுவிட்டு, கிராம நிர்வாக அதிகாரியிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைத்த புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

பொன் கிடைத்தால்தான் புதையல் என்பது இல்லை. ஒரு பிடி கரிந்த நெல்லும் புதையல்தான்.