விளையாடப் போன குழந்தைக்கு யார் ஜவாப்தாரி?

2025 ஏப்ரல் 29-ந் தேதி மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளி. கோடை விடுமுறைக் காலத்தில் அங்கு நடந்த பயிற்சி முகாமுக்குப் போன 4 வயதுப் பெண் குழந்தை, வளாகத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதே வருஷம் ஜனவரி 3-ந் தேதி விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளியின் செப்டிக் டேங்கில் விழுந்து மாண்டது. இரண்டு இடத்திலும் போலீஸ் வந்தது, நிர்வாகத்தினர் கைதானார்கள். விக்கிரவாண்டிக் குழந்தையின் குடும்பத்துக்கு மாநில சர்க்கார் 3 லட்சம் ரூபாய் அறிவித்தது.

சர்க்கார் கொடுத்தது நிவாரணம். மனமிரங்கிக் கொடுப்பது. நாம் கேட்பது வேறு. குழந்தையைத் தன் வளாகத்துக்குள் அழைத்து வைத்துக்கொண்டவன், அதற்குத் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவனா இல்லையா? கடமைப்பட்டவன் என்றால், அன்றைய தினம் அவன் கையில் பணம் இல்லாவிட்டால் யார் கொடுப்பது?

இந்தக் கேள்வி பம்மலில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. நம் வாலிபர்களும் தாய்மார்களும் சேர்ந்து மே மாதத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்த முடிவு செய்தார்கள். கபடி, பாட்டு, கதை, மத்தியானம் சாதம். மைதானம் கேட்டுப் போன இடத்தில், “இன்ஷூரன்ஸ் கடுதாசி இருக்கிறதா? யாராவது பையன் விழுந்து கையை முறித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சேதி கேட்டதும் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஏழைக் குழந்தைகள் விளையாட இடம் கேட்டால் கடுதாசி கேட்கிறானே என்று இரண்டு நாள் பொரிந்து தள்ளினோம். மூன்றாம் நாள் ஒரு தாய் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “அவர் கேட்டது தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள், தோழர்?” எங்களிடம் பதில் இல்லை.

அந்தத் தாய் வேலை செய்வது நாகல்கேணியில் ஒரு தோல் ஷெட்டில். பக்கத்து வீட்டுப் பெண் தாம்பரம் சானடோரியத்திலுள்ள ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறாள். இன்னும் பலர் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் வீட்டு வேலை செய்கிறார்கள். பள்ளிக்கு லீவு விட்டால் இவர்கள் வேலைக்கு லீவு உண்டா? குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அல்லது தெருவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். தெருவில் விட்ட பையன் எங்கே போவான்? பம்மலிலும் திரிசூலத்திலும் கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. வெயில் காலத்தில் அதைப் பார்த்தால் எந்தப் பையனுக்கும் குதிக்கத் தோன்றும். ஆகவே முகாம் நடந்தே தீர வேண்டும். கடுதாசி இல்லை என்று முகாமை நிறுத்தினால், மைதானத்தில் நேரக்கூடிய சிறு காயத்துக்குப் பயந்து குழந்தையைக் குவாரிக்கு அனுப்பியதாகிவிடும்.

இனி அந்தக் கடுதாசி என்ன என்று பார்ப்போம். மில் தொழிலாளிக்கு இது புரியாத விஷயமல்ல. இயந்திரத்தில் கை போனால் முதலாளியின் குற்றம் என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் காசு என்றிருந்த நிலைமையை 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் மாற்றியது. 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ரஸ்தாவில் ஓடும் வண்டி விஷயத்திலும் அப்படியே. மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் பஸ்ஸோ லாரியோ ஓடக் கூடாது என்று 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே சொல்லிற்று. 1988-ம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. வண்டிக்காரன் போண்டியானவனாக இருந்தாலும் கம்பெனி பணம் கட்டும். போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1991-ல் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்றே ஒன்று வந்தது. ஆனால் அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுகிறவர்களுக்கு மட்டும். குழந்தைகளைக் கூட்டிவைத்து ஒரு மாதம் காசு வசூலிக்கும் கோடை முகாம்காரனைக் கட்டாயப்படுத்த அதுபோன்ற சட்டம் இல்லை. லாரிக்கு உண்டு, அமிலப் பீப்பாய்க்கு உண்டு, ஊஞ்சலுக்கு இல்லை!

பிரிட்டனில் பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் தக்க காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஆளுகிறவர்கள் உழைப்பாளிகள் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். அங்கேயே அப்படி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுதாசி இரண்டு வகை. ஊஞ்சல் கயிறு இற்றுப்போயிருப்பது தெரிந்தும் மாற்றாமல் விட்டு, குழந்தை விழுந்தால், அது நடத்துகிறவர்களின் அலட்சியம். அதற்குக் கொடுப்பது பொறுப்புக் காப்பீடு. ஓடுகிற பையன் தன் கால் தடுக்கித் தானே விழுந்தால் யார் மேலும் குற்றமில்லை. பொறுப்புக் காப்பீட்டிலிருந்து ஒரு தம்படி வராது. அதற்கு விபத்துக் காப்பீடு தனியாக வேண்டும். ஏஜெண்ட் ஒன்றை விற்றுவிட்டு இரண்டும் இருப்பதுபோல் பேசினால் நம்பாதீர்கள். பாலிசியை வாங்கினால் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். நீச்சல் சேருமா, வெளியூர் கூட்டிப் போனால் சேருமா, சம்பளமில்லாமல் வேலை செய்யும் தொண்டர் செய்த தவறு சேருமா, ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷம் முழுவதற்கும் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என்று பாங்கிகளில் பிரதம மந்திரி பெயரில் ஒரு திட்டம் இருக்கிறதே, அது போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அது 18 வயதிலிருந்து 70 வயது வரை உள்ளவர்களுக்கு. குழந்தைகள் அதில் இல்லை.

“எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்று நினைக்கிற நிர்வாகங்களும் உண்டு. அலட்சியத்தால் குழந்தை சாகும்போது அந்தக் கையெழுத்து நிர்வாகத்தைக் காப்பாற்றிவிடாது. 1995 மே மாதம் பஞ்சாபில் ஒரு பள்ளி உல்லாசப் பயணம் கூட்டிச் சென்ற குழந்தைகளில் 14 பேர் பியாஸ் நதியில் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே ஜவாப்தாரி என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குழந்தைக்கு 5 லட்சம் வீதம் நஷ்டஈட்டை உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. இறந்தவர்கள் நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் தொகையை எடைபோடும்போது நீதிமன்றம் பார்த்தது. மோட்டார் விபத்து வழக்குகளிலோ, 1994-ல் சேர்த்த அட்டவணைப்படி சம்பாத்தியம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று கற்பித்து, அதை வைத்தே நெடுங்காலம் குழந்தை உயிரைக் கணக்கிட்டு வந்தார்கள். 2013-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 30,000 ஆக்கிற்று. தோல் ஷெட் தொழிலாளியின் மகள் நாளை என்ன ஆவாள் என்று எந்த அட்டவணைக்குத் தெரியும்?

கும்பகோணத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16-ல் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில். பத்து வருஷம் கோர்ட் படி ஏற எந்தக் கூலிக்காரனால் முடியும்? அதனால்தான் காப்பீடு வேண்டும் என்கிறோம்.

அதே சமயம் காப்பீட்டை மட்டும் நம்பி மோசம் போகவும் கூடாது. கடுதாசி தொட்டிக்கு மூடி போடாது. பிரீமியம் கட்டிவிட்டேன் என்று மூடியைப் போடாமல் விடுகிற நிர்வாகி, காப்பீடே இல்லாதவனைவிட ஆபத்தானவன். முதலில் மூடி, கைப்பிடிச் சுவர், மின்கம்பி, எத்தனை குழந்தைக்கு எத்தனை பெரியவர், பிறகு பாலிசி. காசு வாங்கி முகாம் நடத்தும் தனியார் இவ்விரண்டும் இல்லாமல் கதவு திறக்கக் கூடாது என்று சட்டசபை சட்டம் செய்ய வேண்டும்.

காசு வாங்காமல் நடத்தும் தெரு முகாம்களின் நிலைமை வேறு. 20 வாலிபர்கள் உண்டியல் குலுக்கி நடத்துவதற்குத் தனியாகப் பாலிசி எடு என்றால் முகாம் நின்றுபோகும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரில் வரியை நீக்கிய மத்திய சர்க்கார், பொறுப்புக் காப்பீட்டுக்கு 18 சதவீதத்தை அப்படியே வைத்திருக்கிறது. ஆகவே தாம்பரம் மாநகராட்சி முன்வர வேண்டும். 2021-ல் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், செம்பாக்கம் நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகி, நம்மிடம் வரி வாங்குகிற மாநகராட்சி அது. தன் எல்லைக்குள் நடக்கும் எல்லா இலவச முகாம்களுக்கும் சேர்த்து ஒரே பாலிசியைத் தன் செலவில் பொதுத்துறைக் கம்பெனியிடம் எடுக்கட்டும். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளை 1973 முதல் மக்கள் சொத்தாக்கியது இதுபோன்ற காரியத்துக்குத்தானே! முகாம் நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொள்ளட்டும். மாநகராட்சி இன்ஜினீயர் வந்து இடத்தைப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கட்டும். பள்ளி மைதானங்களின் கதவு திறக்கட்டும்.

இந்தக் கோரிக்கையை எழுதி பம்மல் மண்டல அலுவலகத்தில் கொடுக்கத் தாய்மார்கள் கையெழுத்துச் சேர்த்து வருகிறார்கள். தோல் ஷெட் வாசலில் நிற்கும் தோழர்கள் ஷிப்டு மாறும் நேரத்தில் அவர்களுக்கு உதவ வேண்டும். கிராமத்து விவசாயத் தொழிலாளிகள் மே 1-ந் தேதி கிராம சபைக்குக் காத்திருந்தால் லீவு தொடங்கிவிடும். மார்ச் 22-ந் தேதி சபையிலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள். ஊரில் மூடாத கிணறு எத்தனை, தொட்டி எத்தனை என்று எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.