துணிப்பையின் அடியில் உள்ள பொட்டலம்

திண்டிவனம், செஞ்சி, மயிலம் பகுதிகளிலிருந்து விழுப்புரத்திற்குச் சிகிச்சைக்கு வருவோர் பலரின் துணிப்பையில் இரு வகை மருந்துகள் இருப்பதுண்டு. மேலே மாத்திரை அட்டைகளும் பரிசோதனைச் சீட்டுகளும். அடியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், அல்லது உறவினர் கொடுத்த லேகியம். மருத்துவரின் மேசைக்கு வருவது மேலே உள்ளது மட்டுமே. "வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை" என்ற விடையே பல வேளைகளில் கிடைக்கிறது.

2008 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பாரம்பரிய மருத்துவத்திற்கான மாநாட்டைச் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் கூட்டியது. அங்கு வெளியான பிரகடனத்தில், நவீன மருத்துவரும் பாரம்பரிய மருத்துவரும் தமக்குள் கலந்து பேசுவது வலுப்பெற வேண்டும் என்றொரு கருத்து உண்டு. பின்னர் 2023 ஆகஸ்டில் காந்திநகரிலும், 2025 டிசம்பரில் புது தில்லியிலும் உலக மாநாடுகள் நடந்தன. சித்த மருத்துவம் வளர்ந்த மண்ணில் வாழும் நமக்கு இவை பெருமிதம் தரலாம். ஆயினும் நோயாளிக்குப் பயன்படுவது பெய்ஜிங்கில் சொல்லப்பட்ட அந்த ஒரு கருத்தே என்பது என் எண்ணம்.

சீன மருத்துவத்தின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படுபவர் து யூயூ அம்மையார். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஆராய்ந்தார். கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாகப் பலன் தரவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு ஒரு பழைய நூலில் இருந்த குறிப்பு அவருக்கு வழிகாட்டியது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்த சாறு பலனளித்தது. அதை முதலில் தாமே உட்கொண்டு பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக ஒரு மருத்துவ நிலையத்தில் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆராய்ந்தபோது, சேர்த்திருக்க வேண்டிய வேருக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருடைய வேறொரு வேர் கலந்திருந்தது தெரியவந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே கேட்டிற்குக் காரணம். அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. தொலைதூரத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் காடுகழனிகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும், ஈசுவரமூலியும் அதே இனத்துச் செடிகள். அவற்றிலும் அந்த அமிலம் உண்டு. "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

வேர் மாறாவிட்டாலும் சிக்கல் வரலாம். அதிமதுரம் சீன மருத்துவத்திலும் உண்டு, சித்த மருத்துவத்திலும் உண்டு. இருமலுக்குச் சிறிது சுவைப்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் அளவு மீறி நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் இதய நோயாளிக்கு இக்குறைவு இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம். நோயாளி சொல்லாவிட்டால், மருத்துவர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

எனினும், மறைத்ததாக நோயாளியை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஒருமுறை உண்மையைச் சொல்லி, பிற நோயாளிகள் முன்னிலையில் கடிந்துரைக்கப்பட்டவர் மறுமுறை வாய் திறப்பாரா? மருத்துவரின் முகச்சுளிப்பே பலரை "இல்லை" என்று சொல்ல வைக்கிறது. நாட்டு வைத்தியரிடமும் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுவோர் சிலரே. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. இரு பிரிவுகளின் மருந்துகளும் ஒரே சீட்டில் எழுதப்பட வேண்டும் என்பது பேராசை ஆகாது. பெய்ஜிங் பிரகடனம் கேட்டதும் இதைத்தான்.

அந்நாள் வரும்வரை அந்த வேலையை நோயாளியும் உடனிருப்பவருமே செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வரும்போது பொட்டலத்தையும் புட்டியையும் அப்படியே கொண்டு வாருங்கள். எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாளாக, எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புட்டியில் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மூட்டு வலிக்குப் பெயரில்லாத பொடி ஒன்று இரண்டே நாளில் வியப்பூட்டும் குணம் தந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயுற இடமுண்டு. நெடுநாள் சாப்பிட்டிருந்தால், அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகலாம். தாமதியாமல் எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.